நாற்பத்தொன்றாம் நம்பர் துப்பாக்கி

எங்கள் கோச்சடை வீட்டு முன்னறையில், சாமி படங்களுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு துப்பாக்கி மாட்டியிருக்கிறது. முதல் தடவை வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பியை வாயில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்துப் புரையேறிக்கொள்வது உண்டு. பட்டாளத்தில் ஒரு காலத்தில் எல்லார் தோளிலும் கிடந்த 303 துப்பாக்கி, அச்சு அசலாக அப்படியே இருக்கும். மரக்கட்டை, இரும்புக் குழல், தோல்வார், இழுத்துத் தள்ளும் போல்ட் என்று ஒன்றும் குறையில்லை. தூக்கினால் கைக்குழந்தை கனம் இருக்கும். ஆனால் குழலின் முனையைப் பார்த்தால் பளிச்சென்று ஆரஞ்சு நிறம். நிசத் துப்பாக்கி இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். ஏர்சாஃப்ட் என்று சொல்கிறார்கள். உள்ளே இருப்பது ஒரு சுருள்வில்லும் கொஞ்சம் காற்றும்தான். வெளியே வருவது மிளகைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் உருண்டை. இதையெல்லாம் நான் விளக்கி முடித்த பிறகுதான் வந்தவர்கள் மீதிக் காப்பியைக் குடிப்பார்கள்.

அந்த ஆரஞ்சு முனைக்குக் கொஞ்சம் கீழே, குறி பார்க்கிற இடத்தில், இரண்டு வாழைநார்கள் சிக்கிக் கிடக்கின்றன. ஒன்று கறுத்து முடிச்சாகிப் போனது. இன்னொன்று இன்னும் வெளுப்பு மாறாதது. இரண்டிலும் ஒரு காலத்தில் மல்லிகைப்பூ இருந்தது. வீடு துடைக்க வரும் பெண் ஒருநாள், 'என்னக்கா, குப்பையாத் தொங்குது' என்று பிய்க்கப் போனாள். நான் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த துணியே கீழே விழுந்துவிட்டது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அது என் அண்ணனின் துப்பாக்கி. அவர் கொண்டுவந்த சீர்.

அண்ணன் எனக்குப் பத்து வயது மூத்தவர். எழுமலையில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு பட்டாளத்துக்குப் போனார். ஊரில் எல்லாரும் அவர் எல்லையில் நின்று எதிரியைச் சுட்டுக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்தார்கள். ஆனால் அவர் வேலை வேறு. துப்பாக்கிகளை அடுக்கிவைத்துப் பூட்டுகிற அறைக்குப் பட்டாளத்தில் கோத் என்று பெயராம். அண்ணன் அதற்குப் பொறுப்பாளர். ஒவ்வொரு துப்பாக்கியின் அடிக்கட்டையிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பர் இருக்கும். காலையில் ஜவான்கள் வரிசையில் வந்து அவரவர் நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அண்ணன் கை நீளும். சாயங்காலம் அதே மாதிரி திரும்ப வாங்கி, எண்ணி, பூட்டி, பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போவார். ஒன்று குறைந்தாலும் முகாமில் ஒருத்தரும் படுக்க முடியாது. சர்வீஸ் முழுவதும் அவர் பார்த்தது இந்த வேலைதான். லீவில் வந்திருந்த அண்ணனிடம், 'அண்ணே, யாரையாச்சும் சுட்டிருக்கீகளா?' என்று ஒருமுறை கேட்டேன். மீசையைத் தடவிக்கொண்டு, 'எங்கிட்ட நம்பர் சொல்லாம ஒருத்தனும் துப்பாக்கி வாங்குனதில்லத்தா' என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

ஓய்வு பெற்று வந்தவர், எங்கள் தோட்டத்தில் மல்லிகையும் மக்காச்சோளமும் போட்டார். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் மனிதருக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. சாயங்காலம் ஆனால் எழுந்து போய் வீட்டிலிருக்கிற பூட்டையெல்லாம் இழுத்துப் பார்ப்பாராம். மதினி, அதாவது அவர் சம்சாரம், என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அப்புறம் ஒருநாள் நீளமாக ஒரு அட்டைப்பெட்டி பார்சலில் வந்தது. மதினி புதுத் தையல் மிஷின் ஏதோ வருகிறது என்று நினைத்து ஆசையாகப் பிரித்திருக்கிறார். உள்ளே இந்த 303 படுத்திருந்தது. அடுத்த வருடம் எஸ்.எல்.ஆர். என்கிற நீளமான இன்னொரு துப்பாக்கி வந்தது, அதுவும் பழைய பட்டாள மாடல்தான். அப்புறம் இரண்டு. புதுமாதிரிக் கறுப்புத் துப்பாக்கிகளை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். மரமில்லாத துப்பாக்கி என்ன துப்பாக்கி என்பார். தான் முதன்முதலாகப் பட்டாளத்தில் வாங்கிய துப்பாக்கியின் நம்பர் நாற்பத்தொன்று என்பதால், இந்த 303-இன் அடிக்கட்டையிலும் வெள்ளைப் பெயிண்டில் 41 என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரோடு பட்டாளத்தில் இருந்த சேக்காளிகள் மூன்று பேர் உசிலம்பட்டிப் பக்கமிருந்து பைக்கில் வருவார்கள். அண்ணன் பீரோவைத் திறந்து நிற்பார். வெளியே அவர்கள் வரிசையில் நிற்பார்கள். நம்பர் சொன்னால் துப்பாக்கி கிடைக்கும். நரைத்த தலைகள் நான்கும் தோட்டத்துப் புளியமரத்தடியில் நின்று, கிளையில் கட்டித் தொங்கவிட்ட தேங்காய்ச் சிரட்டைகளைச் சுடும். வெள்ளை உருண்டை பறந்து போவது கண்ணுக்கே தெரியும். பட்டால் 'டொக்' என்று ஒரு சத்தம். சிரட்டை ஒரு சுற்றுச் சுற்றும். அவ்வளவுதான். அதற்கு அவர்கள் போடும் ஆரவாரத்தைக் கேட்டால் ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்டார்கள் என்று தோன்றும். மதினி கூட்டிப்பெருக்க வந்து, சாய்த்து வைத்த துப்பாக்கியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னாலும், 'நம்பரச் சொல்லு' என்பார் அண்ணன். 'ஒங்க நம்பருல தீய வைக்க' என்று வைதுகொண்டே மதினி நம்பரைச் சொல்வார். இந்த வேடிக்கையைப் பார்க்கவே நான் மாதம் ஒருதரம் எழுமலைக்குப் பஸ் ஏறுவேன்.

என் வீட்டுக்காரருக்கு ஆரப்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. நல்ல மனிதர்தான். வாய்தான் அவருக்கு எதிரி. நான்கு பேர் கூடியிருந்தால் யாரையாவது ஒரு வார்த்தை சீண்டிச் சிரிக்க வைக்காமல் இருக்க முடியாது. ஒரு பொங்கலுக்கு எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தோம். அண்ணன் இந்தத் துப்பாக்கியை வெள்ளைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து, எல்லாருக்கும் காட்டிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார். இலையில் சோறு விழுந்தாயிற்று. அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டு சொன்னார்: 'மச்சான், சர்வீஸ் பூராம் நெசத் துப்பாக்கியப் பூட்டி வச்சுட்டு, இப்ப பொம்மைய வச்சு வெளாண்டுக்கிட்டு இருக்கீகளே!' பந்தி முழுவதும் சிரித்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. சோற்றில் வைத்த கையை எடுத்தார். இலையை மடிக்காமல் எழுந்தார். கை கழுவி, துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, 'வா' என்று மதினியிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு வாசலிறங்கிப் போய்விட்டார். சோறு விழுந்த இலையிலிருந்து ஒருத்தர் எழுந்துபோவது எங்கள் பக்கத்தில் லேசான காரியமில்லை. பின்னாலேயே ஓடினேன், பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். அண்ணன் என் தலையைத் தொட்டு, 'ஒன்மேல ஒண்ணுமில்லத்தா' என்றார். வீட்டுக்குத் திரும்பி நான் போட்ட சண்டையில் வீட்டுக்காரர் இரண்டு நாள் கடையிலேயே சாப்பிட்டார். 'வெளாட்டுக்குச் சொன்னேன்டி, இது ஒரு தப்பா?' என்று கேட்டாரே ஒழிய, எழுமலைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்ல மனசு வரவில்லை. வருஷம் ஒன்று திரும்பிவிட்டது. மச்சானும் மாப்பிள்ளையும் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த நேரத்தில்தான் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். மாமன் சீரோடு வர வேண்டும், பிள்ளையை மடியில் உட்கார வைக்க வேண்டும், அப்புறம்தான் ஆசாரி ஊசியைத் தொடுவார். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அவர் வராவிட்டால் வேறு யாரையாவது உட்கார வைத்து ஒப்பேற்றலாம். ஆனால் அன்றோடு என் பிறந்த வீட்டு வாசல் எனக்கு அடைத்துப்போகும், ஊர் அறிய அடைத்துப்போகும். அந்த நாட்களில் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மாவு ஆட்டும்போது அழுவேன், யாராவது வந்தால் மிளகாய் நெடி என்பேன்.

முதல் வெற்றிலை பாக்கு தாய்மாமனுக்குத்தான். வீட்டுக்காரரை நச்சரித்து எழுமலைக்குக் கூட்டிப்போனேன். வாசல் வரை வந்தவர், உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் நின்று செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். நான் மட்டும் தட்டை நீட்டினேன். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெளியே நின்றவரை எட்டிப் பார்த்தார். அப்புறம் 'வாரேன்' என்றார். மதினி என்னை அடுப்படிக்குள் இழுத்துப் போய்க் காதோடு சொன்னார்: 'வருவாருத்தா, கவலப்படாத. எப்டி வருவாருன்னுதான் எனக்கே தெரியல.'

விழா கோச்சடையில் ஒரு மண்டபத்தில். புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் ஆரம்பிக்கிறது, அதற்குள் குத்திவிட வேண்டும். குலசாமி கோயிலில் மொட்டையடித்து, தலையில் சந்தனம் பூசின மகள், பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். ஆசாரி ஊசியும் தங்கக் கம்பியுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். பதினொரு மணியாயிற்று. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தயிர் வாங்கப் போன எங்கள் மாமனாரின் பங்காளி ஒருவர், தயிர் இல்லாமல் ஓடிவந்தார்.

'மோசம் போச்சுண்ணே! ஒங்க மருமக அண்ணன் ஆள் தெரட்டிக்கிட்டு வாரான். பிள்ளையார் கோயில்கிட்ட எறங்கிட்டாங்க. நாலு பேரு, நாலு பேரு கையிலயும் துப்பாக்கி!' என்றார் மாமனாரிடம். சொல்லி வாய் மூடவில்லை, தெருமுனையில் படபடவென்று வெடித்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சீர் கிளம்பும்போது எல்லாரும் கொளுத்துகிற சரவெடிதான் அது. ஆனால் துப்பாக்கி என்ற சொல் காதில் விழுந்த பிறகு எந்தச் சத்தமும் வெடிச்சத்தமாகக் கேட்காது. நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்தார்கள், பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள், யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள். எழுபதைத் தாண்டிய எங்கள் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் மண்டபத்து இரும்பு கேட்டை இழுத்துச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றார்.

நானும் ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன், பொய் சொல்வானேன். அப்புறம்தான் கேட் கம்பி வழியாகப் பார்த்தேன். முன்னால் உறுமி கொட்டி வருகிறார்கள். அதற்குப் பின்னால் மதினி, அரக்குப் பட்டுச்சேலையில், தேங்காய் பழத் தட்டோடு வருகிறார். பின்னால் தட்டுத் தட்டாகப் பெண்கள். மாலை போட்ட கிடா ஒன்று. அதற்கும் பின்னால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில் பட்டாளத்துத் தொப்பி, நெஞ்சில் மெடல் என்று நான்கு பேர், கால் மாறாமல் நடந்து வருகிறார்கள். நான்கு தோளிலும் துப்பாக்கி. முதல் ஆளாக என் அண்ணன். மாப்பிள்ளை சபையில் வைத்துப் பொம்மை என்று சொன்னதை, மருமகளுக்கு மரியாதை செய்யச் சபைக்கே கொண்டு வருகிறார். வந்தவர் கண்ணில் பட்டது சாத்திய கேட்.

உறுமி நின்றது. மதினி தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். 'மாமா, சீரு வந்துருக்கு, கேட்டத் தெறங்க' என்று கத்தினேன். 'துப்பாக்கியத் தூரப் போடச் சொல்லு, தெறக்குறேன்' என்றார் மாமனார். சீர் வாசலில் வந்து நின்று திரும்பிப் போனால், அப்புறம் ஏழு தலைமுறைக்கும் ஒட்டாது. மணி பதினொன்றரை. வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். மனிதர் முகத்தில் ரத்தம் இல்லை. அந்த நேரம் பார்த்துப் போலீஸ் ஜீப்பும் வந்து நின்றது.

இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர் நிதானமானவர். முதலில் தெருக்கூட்டத்தை விலக்கினார். அண்ணனைப் பார்த்து, 'என்ன பெரியவரே இது? லைசென்ஸ் இருக்கா?' என்றார். அண்ணன் விறைத்து நின்று, 'லைசென்ஸ் வேணாம் சார். ஏர்சாஃப்ட் சார்' என்றார். 'அப்படின்னா முனை ஆரஞ்சாவுல்ல இருக்கணும்? எங்க ஆரஞ்சக் காணோம்?' அண்ணன் சொன்னார்: 'இருக்கு சார். பூவுக்குள்ள இருக்கு.'

அப்போதுதான் எல்லாரும் கவனித்தோம். நான்கு துப்பாக்கிக் குழல்களும் முனை தெரியாமல் மல்லிகைச் சரத்தால் நெருக்கமாகச் சுற்றியிருந்தன. அது மதினி பார்த்த வேலை. 'சீர்ச் சாமான மொட்டையா எப்டிங்க கொண்டு வர்றது? பூச் சுத்தித்தான கொண்டு வரணும்?' என்று அவர் சப்-இன்ஸ்பெக்டரிடமே நியாயம் கேட்டார். தட்டுக்கு, குடத்துக்கு, கிடாயின் கழுத்துக்கு என்று சுற்றியவர், இதற்கும் சுற்றியிருக்கிறார், தன் தோட்டத்துப் பூ என்று நாலு முழம் அதிகமாகவே. பொம்மை என்று உலகத்துக்குச் சொல்கிற ஒரே இடத்தை அந்தப் பூ மூடிவிட்டது. 'சரிம்மா, பூவ அவுத்துக் காட்டச் சொல்லுங்க' என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அண்ணன் தலையை ஆட்டினார். 'சபையில குடுக்குறதுக்கு முன்னால சீர்ப் பூவ அவுக்கக் கூடாது சார். எம் மருமகளுக்கு ஆகாது.' போலீஸ்காரர் முகம் மாறியது. அண்ணன் முகம் மாறவில்லை. இவர் பூவை அவிழ்க்க மாட்டார், மாமனார் கேட்டைத் திறக்க மாட்டார், மணியோ ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது எங்கள் வீட்டுக்காரர் நடந்தார். தன் அப்பாவின் தோளைப் பிடித்து மெதுவாக ஒதுக்கிவிட்டு, கேட்டைத் திறந்து வெளியே போனார். ஒரு வருஷமாகப் பேசாத மச்சானுக்கு முன்னால் போய் நின்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. கால்களைச் சேர்த்து, எழுமலைத் தோட்டத்தில் சேக்காளிகள் நிற்பார்களே, அதேபோல நின்று, 'நாப்பத்தொண்ணு' என்றார். அண்ணன் அவரையே பார்த்தார். அப்புறம் அந்தக் கைகள், வாழ்நாள் முழுக்க நம்பர் கேட்டு நீண்ட கைகள், தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கி, குறுக்காகப் பிடித்து, மாப்பிள்ளையின் இரண்டு கைகளிலும் வைத்தன.

சீர் கைமாறிவிட்டது. வாங்கியது பிள்ளையின் அப்பன். இனி பூவை அவிழ்க்கலாம். வீட்டுக்காரர் சரத்தைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். அவசரத்தில் ஒரு துண்டு நார் குறிமுனையில் சிக்கி அங்கேயே நின்றது. ஆரஞ்சு வெளியே வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு, 'ஏங்க, இது பொம்மையா?' என்றார்.

அந்தச் சொல் விழுந்ததும் வீட்டுக்காரர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பதில் சொன்னது அண்ணன்தான். 'ஆமா சார், பொம்மைதான். எங்க மாப்ள அன்னைக்கே சொன்னாரு' என்றார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். தொப்பி நழுவுகிற மாதிரிச் சிரித்தார். மாப்பிள்ளை அழுதுகொண்டே சிரித்தார். தெருவே சிரித்தது. உறுமி மறுபடி கொட்ட ஆரம்பித்தது. எங்கள் மாமனார் கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவைத்துவிட்டு, 'நமக்கு எப்டிங்க தெரியும், கண்ணு வேற சரியில்ல' என்று கிடாயிடம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டுக்குள் மகள் மாமன் மடியில் உட்கார்ந்தாள். ஊசி குத்தினபோது வீறிட்டுக் கத்தி, மாமன் தொப்பியைப் பிடுங்கிக் கடித்தாள். அதில் இன்றைக்கும் பல் பட்ட தடம் இருக்கிறது. சப்-இன்ஸ்பெக்டர், 'பொம்மைன்னு எங்களுக்குத் தெரியும், ரோட்டுல போறவனுக்குத் தெரியுமா? இனிமே இப்படித் தூக்கிட்டு வரணும்னா ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு, முனை தெரிய வாங்க' என்று கண்டித்துவிட்டுக் கிளம்பினார். அவர் சொன்னதும் சரிதான். விடவில்லை, உட்கார வைத்துக் கறிச்சோறு போட்டுத்தான் அனுப்பினோம். அண்ணன் கடைசிப் பந்தியில், மாப்பிள்ளை பரிமாறப் பரிமாறச் சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது இலையை நன்றாக மடித்துவிட்டு எழுந்தார். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துப்பாக்கி எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. 'சீர்ல குடுத்தத திரும்ப வாங்குறதா?' என்று அண்ணன் மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டுக்காரர் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுமலைக்குக் கிளம்பிவிடுவார். முதலில் மச்சானிடம் ஒப்படைக்க வேண்டும். அப்புறம் வரிசையில் நின்று நம்பர் சொல்லி அதையே திரும்ப வாங்க வேண்டும். 'ஒங்க வீட்டுச் சாமான நீங்களே வரிசையில நின்னு வாங்குறீகளே, வெக்கமா இல்ல?' என்பேன். 'முறைன்னு ஒண்ணு இருக்குல்லடி' என்பார். சிரட்டையில் ஒன்றுகூட அவருக்குப் படாது. அண்ணன் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார். ஆயுதபூஜைக்கு, கடையில் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷில் கொஞ்சம் கொண்டுவந்து மரக்கட்டைக்குப் பூசி, 41-க்கு மேலே சந்தனப் பொட்டு வைப்பார். நிறைவான வருஷங்கள் அவை. அப்படியே போயின.

அண்ணன் போனது ஒரு மார்கழிக் காலை. மல்லிகைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலியில்லாத சாவு என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் அவரை நினைக்கும்போது எனக்குத் துக்கம் முதலில் வருவதில்லை. தொப்பி நழுவச் சிரித்த அந்தச் சிரிப்புதான் முதலில் வருகிறது.

போன ஆவணியில் மகள் பெரியவளானதற்குச் சடங்கு வைத்தோம். மறுபடியும் மாமன் சீர் வர வேண்டும். மாமன் இல்லை. அவர்களுக்குப் பிள்ளை குட்டியும் இல்லை. மதினி போனில், 'தட்டெல்லாம் ஆள்கிட்டக் குடுத்து விடுறேன்த்தா. நான் வந்து முன்னால நிக்கக் கூடாது' என்றார். தாலி இழந்தவர் நல்ல காரியத்துக்கு முன்னால் வரக் கூடாது என்பது அவர் மனசில் ஊறிப்போன வழக்கம். போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் சுவரிலிருந்து துப்பாக்கியை இறக்கித் துண்டில் சுற்றிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு எழுமலைக்குக் காரை விட்டார்.

அந்த முறை வேப்பமரத்தடியில் நிற்கவில்லை, நேரே உள்ளே போனார். மதினியின் முன்னால் துப்பாக்கியை வைத்தார். 'அக்கா, சீரு இந்த வீட்டுலருந்துதான் கெளம்பணும். மச்சான் இருந்தா எப்டி வருவாரோ அப்டி வரணும். நீங்க முன்னால நடக்கலேன்னா எம் மகளுக்குச் சீரே வேணாம்' என்றார். மதினி வெகுநேரம் அழுதார். நானும் அழுதேன். பிறகு எழுந்து தோட்டத்துக்குப் போய் மடி நிறையப் பூப்பறித்து வந்து, வாழைநாரில் கட்டி, குழலில் சுற்ற ஆரம்பித்தார். பாதி சுற்றினவர் கை நின்றது. 'தம்பி, முனைய விட்டுத்தான சுத்தணும்? இல்லேன்னா ஒங்கப்பா கேட்டச் சாத்திருவாக' என்றார். அண்ணன் போன பிறகு மதினி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சடங்கன்று மண்டபத்து கேட் காலையிலிருந்தே அகலத் திறந்திருந்தது. இப்போது கம்பு ஊன்றி நடக்கிற மாமனார், யாரும் தப்பித் தவறிச் சாத்திவிடக் கூடாதென்று அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உறுமி வந்தது, தட்டுகள் வந்தன, மூன்று சேக்காளிகள் தொப்பியோடு வெறுங்கையாய் நடந்து வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் மதினி, இரண்டு கையிலும் குறுக்காகப் பிடித்த துப்பாக்கியோடு வந்தார். வீட்டுக்காரர் வாசலில் நின்று கைகளை நீட்டினார். மதினி கொடுக்கவில்லை. 'நம்பரச் சொல்லுங்க தம்பி' என்றார். வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சொன்ன நம்பர் அன்றைக்கு வரவில்லை. மதினியும் விடவில்லை, பிடித்த துப்பாக்கியோடு நின்றார்.

பின்னாலிருந்து மகள், மாலையும் கழுத்துமாக, எங்களை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். 'நாப்பத்தொண்ணு அத்தை' என்றாள். மதினி துப்பாக்கியை அவள் கையில் வைத்தார்.

திரும்பச் சுவரில் மாட்டும்போது பூவை எடுத்தேன், நார் மட்டும் வந்தபாடில்லை, பழைய நாரோடு பின்னிக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் துப்பாக்கியைக் கேட்டால் அவள் அப்பா இறக்கித் தருகிறார், நம்பர் சொன்ன பிறகு.